வடக்கறை

மார்கழி இருபதில் சாமான் இறக்கினோம்.
உழவு யந்திரப் பெட்டியில் நனைந்த மெத்தை,
இரண்டு கதிரை, அரிசி வாளி, நிதுசனின் சைக்கிள்.
ஒட்டுசுட்டானில் மழை விட்டு
பனி தொடங்கியிருந்த கிழமை.

சுவருக்கு வயது எழுபது,
கூரைத் தகரத்துக்குப் பன்னிரண்டு,
யன்னல்களுக்கு வயதே இல்லை:
சட்டம் மட்டும்.

முதல் இரவு
கூதல் எங்கால் வருகுதென்று பிடிபடவில்லை.
இவர் மெழுகுதிரியோடு சுவர் சுவராய் நடந்தார்.
சுடர் சாய்ந்த இடமெல்லாம்
நான் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டேன்.
விடியப் பார்த்தால்
முன்னறைக்கு அம்மை போட்டிருந்தது.
இருபத்தொன்பது.
"நெஞ்சு உயரத்திலதான் எல்லாம்," என்றார்.
அதற்குமேல் அவர் சொல்லவுமில்லை
நான் கேட்கவுமில்லை.

சீமெந்துக் கடைக்காரருக்கு டெங்கு, கடை பூட்டு.
கையில் கிடைத்ததால் அடைத்தோம்.
தேய்ந்த சவர்க்காரம், சாக்குத் துண்டு,
நிதுசன் மென்று உருட்டித் தந்த
போன வருடக் கணக்குக் கொப்பி.
ஒன்றை மட்டும் அடைக்க விடவில்லை அவன்.
அதால் பார்த்தால் வீதியில் பஸ் தெரியுமாம்.
அதற்கு ஒரு மாபிள்.
வேண்டும்போது கழற்றலாம்.

யன்னல்களுக்கு உரப்பை தைத்தேன்.
காற்று வரும்போது
பச்சை எழுத்தில் யூரியா
உள்ளே உப்பி வந்து
யோசித்து
வெளியே போனது.

போத்திலில் தேங்காயெண்ணெய் வெள்ளையாய் இறுகிவிட்டது.
பாலை விறகு ஈரம்; கண்ணெல்லாம் புகை.
ஒரு சட்டி தணல் அள்ளி
கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தேன்.
"எல்லாத்தையும் அடைச்சுப்போட்டுத் தணலும் வைச்சால்
காலமை ஒருத்தரும் எழும்பமாட்டம்."
அவர் சொன்னது சரி.
பாடுபட்டு அடைத்ததில் மூன்றைத்
திரும்பத் திறந்தோம்.
பிறகு சட்டியையே வெளியே வைத்தோம்.
பிறகு மூன்றையும் அடைத்தோம்.

ஞாயிறு வீட்டுக்காரர் எடுத்தார், கனடாவிலிருந்து.
அங்கே மைனஸ் இருபத்திரண்டாம்.
இங்கே பத்தொன்பது என்றேன், மைனஸ் இல்லாமல்.
சிரிப்பாரென்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
"பிள்ளை, வடக்கறையில படுங்கோ.
அடுப்பின்ர முதுகு அந்தச் சுவர்தான்.
விடியுமட்டும் கணகணப்பாய் இருக்கும்.
நாங்கள் ஏழு பேரும் அதுக்குள்ளதான்."

போனைக் காதில் வைத்தபடி
அந்தக் கதவைத் திறந்தேன்.
நல்ல முதிரைக் கதவு.
அதற்கு அப்பால்
மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் செங்கல்,
நடுவில் நாயுருவிப் பற்றை,
மேலே ஒரு மறைப்புமில்லாமல் வானம்.

"ஓம் அண்ணை, அங்கதான் படுக்கிறம்."
"யன்னல் கொளுக்கி இருக்கோ?"
"இருக்கு."
"அது இறுக்கம். தட்டித்தான் போடவேணும்."
"தட்டித்தான் போடுறனான்."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு வாடகையைப் பற்றிச் சொன்னார்.
இந்த மாதம் வேண்டாமாம்,
விறகு வாங்கச் சொன்னார்.

அன்றிரவு பாயை அடுப்படிக்கு மாற்றினோம்.
அப்பனும் மகனும் நித்திரையான பிறகு
சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு
முதிரைக் கதவால் வெளியே இறங்கினேன்.
பனியில் பற்றை வெளுத்துக் கிடந்தது.
நின்று கொண்டிருந்தது அந்த ஒரு சுவர்தான்.
கையை வைத்தேன்.
உண்மைதான்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு போல.

காலடியில் ஏதோ அசைந்தது.
யாருடையதென்று தெரியாத செவலை நாய்,
சுவரோடு ஒட்டிச் சுருண்டு.
எத்தனை வருடமாய் இங்கே படுக்கிறதோ,
வேறு யார் யார் வந்து
இந்த அடுப்பை மூட்டினார்களோ.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.
குரைக்கவில்லை.
கொஞ்சம் அரக்கிப் படுத்தது.